பெர்த் நகரில் ஒரு வார இறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த், அந்நாட்டின் மாநிலத் தலைநகரங்களுள் மிகுதியான வெயில் பெறும் நகரம். ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 3,200 மணி நேரம் அங்கே வெயில் அடிக்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஐந்து அல்லது ஐந்தரை மணி நேரத்தில் நேராகப் பறந்து சென்றுவிடலாம் என்பதால், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பித் திங்கட்கிழமை காலை திரும்பிவிட நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்நகரைப் பற்றி அடிக்கடி கேட்கின்றன. அவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருபவர்களுக்கும் இவற்றுள் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் அத்தனை தொலைவு வருபவர்கள் இரண்டு நாளோடு திரும்பிவிடுவது சரியாக இருக்காது.

இரண்டே நாள்களில் பெர்த்தைப் பார்க்க முடியுமா?

நகரைப் பார்க்க முடியும். மாநிலத்தைப் பார்க்க முடியாது. இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால் திட்டம் தானாக அமைந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியா 25 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கூடுதலான பரப்புடையது. பெர்த்துக்கு அடுத்த பெருநகரமான அடிலெய்டு 2,100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் நகரத்துக்குள் பார்க்க வேண்டியவை அனைத்தும் ஸ்வான் ஆற்றை ஒட்டி ஒரே கோட்டில் வரிசையாக அமைந்துள்ளன. ஆற்றங்கரையில் நகரமையம், அதன் மேட்டில் கிங்ஸ் பார்க், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஃப்ரீமேன்டில் துறைமுகம், அதற்கு நேரே கடலுக்குள் ராட்னெஸ்ட் தீவு. இந்தக் கோட்டை விட்டு விலகாமல் இருந்தால் இரண்டு நாள் போதும், அவசரமும் இராது.

எந்த மாதங்களில் செல்வது நல்லது?

மார்ச், ஏப்ரல் மாதங்களையும், செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரையிலான காலத்தையும் பரிந்துரைக்கிறேன். பெர்த்தின் தட்பவெப்பம் மத்திய தரைக்கடல் வகையைச் சேர்ந்தது. கோடையில் மழை அரிது; மழையெல்லாம் மே முதல் ஆகஸ்டு வரையிலான குளிர்காலத்தில்தான் கொட்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பகல் வெப்பம் சராசரியாக 30 பாகைக்கு மேல் இருக்கும். சில நாள்களில் 40-ஐத் தாண்டும். 2024 பிப்ரவரியில் மட்டும் ஏழு நாள்கள் அவ்வாறு தாண்டின. அது காற்றில் ஈரமில்லாத உலர்ந்த வெப்பம். சிங்கப்பூரின் புழுக்கத்துக்கும் சென்னையின் கசகசப்புக்கும் பழகியவர்களுக்கு வியர்வை தெரியாமலேயே உடல் நீரை இழந்துவிடும். ஜூலையில் பகல் 18, 19 பாகையும் இரவு 8 பாகை அளவும் இருக்கும். அப்போது செல்பவர்களுக்குக் கம்பளிச் சட்டையும் மழைச்சட்டையும் வேண்டும்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காட்டுப் பூக்கள் பூக்கும். அவற்றைக் காண நெடுந்தொலைவு செல்ல இயலாதவர்களுக்குக் கிங்ஸ் பார்க்கிலேயே அவை பூத்துக் கிடக்கும்.

இந்நிலத்தின் தொல்குடியினரான நூங்கார் மக்கள் ஆண்டை நான்காகப் பிரிப்பதில்லை. பிராக், புனுரு, ஜெரான், மகுரு, ஜில்பா, கம்பராங் என ஆறு பருவங்களாகப் பிரிக்கின்றனர், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மாதம். கார் முதல் முதுவேனில் வரை ஆறு பெரும்பொழுது வகுத்த நமக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபடும். நாள்காட்டியின் நான்கு பருவங்களைவிட வானிலையோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது.

விசா எடுக்க எவ்வளவு முன்னதாகத் தொடங்க வேண்டும்?

அது நீங்கள் வைத்திருக்கும் கடவுச்சீட்டைப் பொறுத்தது, வசிக்கும் நாட்டைப் பொறுத்ததன்று. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உடையவர்கள் கைப்பேசிச் செயலியின் வழியாக மின்னணுப் பயண அனுமதி பெறலாம். சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர், பெரும்பாலும் விரைவில் கிடைத்துவிடும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்கள், சிங்கப்பூரில் நிரந்தரவாசிகளாக இருந்தாலும், 600 என்ற எண்ணுடைய வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணமும் கூடுதல், காத்திருப்பும் கூடுதல். ஒரே குடும்பத்தில் கணவரிடம் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டும் மனைவியிடம் இந்தியக் கடவுச்சீட்டும் இருப்பது சாதாரணம். ஒருவருக்கு ஒரே நாளில் அனுமதி கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இருவருக்கும் விமானச்சீட்டு வாங்கிவிடாதீர்கள்.

முறுக்கு, பொடி, ஊறுகாய் எடுத்துச் செல்லலாமா?

எதை எடுத்துச் சென்றாலும் விமானத்தில் தரும் வருகை அட்டையில் உணவுப்பொருள் இருப்பதாகக் குறித்துவிடுங்கள். இதில் சட்டம் எளிமையானது: குறித்துவிட்டு, அதிகாரி பார்த்து வேண்டாம் என்றால் பொருள் மட்டும் போகும், குறிக்காமல் பிடிபட்டால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் விதிக்கலாம், விசாவையும் ரத்துசெய்யலாம். கறிவேப்பிலை, பச்சைக் காய்கள், பழங்கள், முளைக்கக்கூடிய விதைகள் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். கோயில் பிரசாதத்தோடு வந்த பூவும் வெற்றிலையும் கைப்பையின் மூலையில் மறந்துபோய்க் கிடக்கும். கிளம்புமுன் பையை ஒருமுறை உதறிப் பார்ப்பது நல்லது.

சிட்னி, மெல்போர்ன் போன்ற கிழக்குப்புற நகரங்களிலிருந்து உள்நாட்டு விமானத்தில் வருபவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. பழ ஈயும் தேனீ நோய்களும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக மேற்கு ஆஸ்திரேலியா மாநில எல்லையிலேயே தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பழமும் தேனும் அதில் முதலிடம் பெறுபவை.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு எப்படிச் செல்வது?

ரயிலில் செல்லுங்கள். 2022 அக்டோபரில் திறக்கப்பட்ட விமான நிலைய ரயில் பாதை, பெரும்பாலான வெளிநாட்டு விமானங்கள் வந்திறங்கும் முதலாம் முனையத்தோடு மேல்நடைபாதையால் இணைக்கப்பட்டுள்ளது. நகரமையத்துக்கு 18 நிமிடம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூரில் ஏறுபவர்கள் நள்ளிரவை ஒட்டித் தரையிறங்கி, குடிநுழைவும் உணவுச் சோதனையும் முடிந்து வெளியே வரும்போது ரயில்கள் குறைந்துவிட்டிருக்கும். அந்நேரத்தில் வாடகைக்காரே வழி; தொலைவும் அதிகமில்லை.

கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டிய வேலை சிங்கப்பூர், மலேசியப் பயணிகளுக்கு இல்லை. மூன்று இடங்களுக்கும் ஒரே நேரம். இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் வழக்கம் மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடையாது. 1975, 1984, 1992, 2009 என நான்கு முறை பொது வாக்கெடுப்பு நடத்தியும் மக்கள் அதை ஏற்கவில்லை. இதன் விளைவு பயணிக்கு நன்மையே: டிசம்பரில் காலை ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிறது.

எங்கே தங்குவது?

முதன்முறை செல்பவர்கள் நகரமையத்தில், பெர்த் ரயில் நிலையத்துக்கோ எலிசபெத் குவே படகுத்துறைக்கோ நடக்கும் தொலைவில் தங்குவது வசதி. நகரமையத்துக்குள் ஓடும் 'கேட்' (CAT) எனப்படும் பேருந்துகளுக்குக் கட்டணமில்லை. இரண்டாம் முறை செல்பவர்களுக்கு நான் சொல்வது ஃப்ரீமேன்டில். அங்கே காலையில் எழுந்ததும் படகுத்துறைக்கு நடந்தே போகலாம், மாலையில் ஊரே வீதியில் இருக்கும். நகரமையமோ சனி, ஞாயிறு மாலைகளில் அலுவலகங்கள் பூட்டிக் கிடப்பதால் சற்று வெறிச்சோடியே காணப்படும். அப்போது நடமாட்டமெல்லாம் ரயில் பாதைக்கு வடக்கே உள்ள நார்த்பிரிட்ஜில்தான்.

வாடகைக்குக் கார் எடுக்க வேண்டுமா?

மேலே சொன்ன ஆற்றுக்கோட்டில் நின்றுகொள்வீர்களானால் வேண்டாம். பெர்த்திலிருந்து ஃப்ரீமேன்டிலுக்கு ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம். வழியிலேயே காட்டஸ்லோ நிலையத்தில் இறங்கினால் கடற்கரை பதினைந்து நிமிட நடை. எலிசபெத் குவேயிலிருந்து தென்கரையில் உள்ள சௌத் பெர்த்துக்கு அரசுப் படகு ஓடுகிறது. சில நிமிடப் பயணம்தான், ஆனால் நகரின் முகத்தை ஆற்றிலிருந்து பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

ஸ்வான் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கோ புறநகர்க் கோயில்களுக்கோ செல்ல விரும்பினால் ஒருநாள் மட்டும் கார் எடுக்கலாம். நம் ஊரைப் போலவே இடப்புறம்தான் ஓட்ட வேண்டும். நகரை விட்டு வெளியே செல்பவர்கள், அந்தி சாயும் நேரத்தில் கங்காருகள் சாலைக்குக் குறுக்கே பாயும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ராட்னெஸ்ட் தீவுக்கு ஒரு முழுநாள் ஒதுக்குவது தகுமா?

தகும். இருக்கும் இரண்டு நாள்களில் ஒன்றை அதற்கே கொடுத்துவிடுங்கள். நகரில் விட்டுப்போனவற்றை அடுத்த பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஃப்ரீமேன்டிலிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில், 11 கிலோமீட்டர் நீளமும் மிக அகன்ற இடத்தில் நான்கரை கிலோமீட்டர் அகலமும் கொண்டது இத்தீவு. 63 கடற்கரைகள் இருக்கின்றன. தனியார் கார்களுக்கு அனுமதியில்லை. நடந்தோ மிதிவண்டியிலோ தீவைச் சுற்றும் பேருந்திலோதான் செல்ல வேண்டும். கடைகளும் உணவகங்களும் பெரும்பாலும் படகு வந்து நிற்கும் தாம்சன் விரிகுடாக் குடியிருப்பில்தான் உள்ளன. மிதிவண்டியில் ஏறி மேற்கு முனையை நோக்கிப் புறப்பட்டவர் நடுவழியில் தாகமெடுத்தால் திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டிக்கொள்ளுங்கள்.

படகு மூன்று இடங்களிலிருந்து கிளம்புகிறது. ஃப்ரீமேன்டிலிலிருந்து அரை மணி நேரம். வடக்கே உள்ள ஹில்லரிஸ் துறைமுகத்திலிருந்து முக்கால் மணி நேரம். நகரமையத்தின் பாரக் வீதிப் படகுத்துறையிலிருந்து, ஆற்று வழியே செல்வதால், ஒன்றரை மணி நேரம். ஆற்றுப் பயணம் அழகானதுதான். ஆயினும் நான் ரயிலில் ஃப்ரீமேன்டிலுக்குச் சென்று காலையின் முதல் படகைப் பிடிப்பதையே விரும்புவேன், காரணம் காற்று. கோடை நாள்களில் பெரும்பாலும் பிற்பகலில் தென்மேற்கிலிருந்து கடற்காற்று எழும்பும். வெப்பத்தைத் தணிப்பதால் உள்ளூர் மக்கள் அதற்கு 'ஃப்ரீமேன்டில் டாக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நகரவாசிக்கு அது மருத்துவர். மிதிவண்டியில் எதிர்க்காற்றில் மேடேறுபவருக்கு அது வேறு. மிதிவண்டிச் சுற்று முழுவதும் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். கணக்கில் சிறிதாகத் தெரியும் இந்தத் தொலைவு, மேடு பள்ளங்களும் காற்றும் சேரும்போது அப்படி இருப்பதில்லை. முதல் முறை சென்றபோது நான் பதினொரு மணிப் படகில் போய், மாலையில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பினேன்.

ஆகவே காலையில் 'தி பேசின்', லிட்டில் சால்மன் விரிகுடா போன்ற, பாறைத் திட்டுகள் அலையைத் தடுக்கும் தெளிந்த நீர்த்துறைகளில் குளித்துவிட்டு, உச்சி வெயிலில் நிழலில் உணவருந்தி, பிற்பகலில் நடுத்தீவின் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுப் படகேறுவது உடலுக்கு ஒத்த வரிசை. விடுமுறை வாரங்களில் படகுச்சீட்டை முன்பதிவு செய்யுங்கள். தீவுக்குள் நுழைவதற்கான கட்டணம் அதிலேயே சேர்ந்திருக்கும். குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதால், தீவை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போடாமல் சனிக்கிழமையே வைத்துக்கொண்டால் மாற்று நாள் ஒன்று கையில் இருக்கும்.

குவாக்காவோடு படம் எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், தொடாமல். குவாக்கா என்பது கங்காரு இனத்தைச் சேர்ந்த, பூனையளவுள்ள பை உயிரி. வாயமைப்பு சிரிப்பது போலத் தோன்றுவதால் உலகப் புகழ் பெற்றுவிட்டது. தீவில் பத்தாயிரத்துக்கும் குறையாமல் இருக்கின்றன. நரியும் பூனையும் இல்லாத தீவு என்பதால்தான் இவ்வளவு பெருகியுள்ளன, பெருநிலப்பரப்பில் அரிதாகிவிட்டன. உணவளிப்பதும் தொடுவதும் சட்டப்படி குற்றம். ரொட்டித் துண்டும் உருளைக்கிழங்கு வறுவலும் அதன் வயிற்றைக் கெடுக்கும் என்பதைக் குழந்தைகளுக்கு முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். அது பெரும்பாலும் இரவில் நடமாடும் விலங்கு. நண்பகலில் புதரடியில் தூங்கும். நீங்கள் தரையில் அசையாமல் அமர்ந்திருந்தால் அதுவே அருகில் வரும்.

டச்சு மாலுமி வில்லம் டி விளாமிங் 1696-இல் இங்கே வந்தபோது குவாக்காவைப் பேரெலி என்று எண்ணி 'எலி வளை' என்ற பொருள்படத் தீவுக்குப் பெயரிட்டார். ராட்னெஸ்ட் என்பது அதன் திரிபு. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவர் ஆற்றில் கண்ட கறுப்பு அன்னங்களால்தான் ஸ்வான் ஆற்றுக்கு அப்பெயர் வந்தது. அன்னம் என்றால் வெள்ளை என்றே ஐரோப்பா அதுவரை நம்பியிருந்தது.

அந்தத் தீவு முன்பு சிறையாக இருந்தது என்கிறார்களே?

உண்மை. நூங்கார் மொழியில் அதன் பெயர் வாஜெமப். இறந்தோரின் ஆவிகள் வாழும், நீருக்கு அப்பாலுள்ள இடம் என்று பொருள் கூறுகின்றனர். 1838 முதல் 1931 வரையிலான காலத்தில் மாநிலமெங்குமிருந்து தொல்குடி ஆண்களும் சிறுவர்களுமாக ஏறக்குறைய 4,000 பேர் சங்கிலியிட்டு இங்கே கொண்டுவரப்பட்டு, சிறையிலும் கட்டாய வேலையிலும் வைக்கப்பட்டனர். தீவில் இன்று நாம் ரசிக்கும் பழைய சுண்ணாம்புக்கல் கட்டடங்களில் பலவும் அவர்கள் கட்டியவை. 370-க்கு மேற்பட்டோர் அங்கேயே இறந்து அடையாளமின்றிப் புதைக்கப்பட்டனர். அந்த இடுகாட்டின் மேல் பல்லாண்டுகள் சுற்றுலாக் கூடாரங்கள் போடப்பட்டிருந்தன. குவாட் எனப்படும் சிறைக் கட்டடமே 2018 வரை விடுதியாகப் பயன்பட்டது. இடுகாடு குடியிருப்புக்கு அருகிலேயே இருக்கிறது. படகிறங்கியவுடன் எல்லோரும் குவாக்காவைத் தேடி ஓடும் வேளையில் பத்து நிமிடம் அங்கே போய் நின்றுவிட்டு வாருங்கள்.

நகருக்குள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஓர் இடத்தைச் சொல்லுங்கள்.

கிங்ஸ் பார்க். நகரமையத்தை ஒட்டிய எலைசா குன்றின் மேல் 400 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் இந்தப் பூங்காவில் மூன்றில் இரண்டு பங்கு, நகரம் தோன்றுவதற்கு முன் இருந்தது போன்ற புதர்க்காடு. நுழைவுக் கட்டணம் இல்லை. போர் நினைவுத் தூணருகே நின்றால் ஆறு அகன்று ஏரிபோல் விரிவதும் அதன் கரையில் நகரக் கட்டடங்கள் நிற்பதும் ஒரே பார்வையில் கிடைக்கும். 1965-இல் திறக்கப்பட்ட தாவரத் தோட்டத்தில், வடக்கே 3,200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து 2008-இல் லாரியில் ஏற்றிவந்து நட்ட பருத்த போவாப் மரம் ஒன்று நிற்கிறது; சாலை போடுவதற்காக அகற்ற நேர்ந்த அம்மரத்தை அதன் நிலத்துக்குரிய கிஜா மக்கள் இந்நகருக்குக் கொடையாக அளித்தனர். நம் ஊர்ச் சாலையோரப் புளிய மரங்களை நினைக்காமல் அதன் முன் நிற்க என்னால் முடியவில்லை.

காலை ஏழு மணிக்கோ மாலை வெயில் தாழ்ந்த பிறகோ செல்லுங்கள். இருட்டிய பின் தெரியும் நகரவிளக்குகளுக்கு ஒரு கதை உண்டு. 1962 பிப்ரவரியில் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றி வந்தபோது, அவர் காணட்டும் என்று பெர்த் மக்கள் வீட்டு விளக்குகளையெல்லாம் எரியவிட்டனர்; அவர் மேலிருந்து அதைக் கண்டு நன்றி கூறினார்.

நேரம் மிஞ்சினால் பூலா பார்திப் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அப்பெயருக்கு 'பல கதைகள்' என்று பொருள். 2020-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அதன் கூடத்தில் 24 மீட்டர் நீள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. நண்பகல் வெயிலைக் கழிக்க நல்ல இடம்.

ஃப்ரீமேன்டிலில் எவ்வளவு நேரம் தேவை?

அரை நாள். அங்குள்ள சந்தை 1897-இல் தோன்றியது. வெள்ளி, சனி, ஞாயிறு மட்டுமே இயங்குவதால் வார இறுதிப் பயணிக்கு அது வாய்ப்பு. 1831-இல் எழுந்த ரவுண்ட் ஹவுஸ், மாநிலத்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய பொதுக் கட்டடம். அதுவும் சிறையாகக் கட்டப்பட்டதுதான். பெரிய சிறைச்சாலை, 1850-களில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளாலேயே கட்டப்பட்டு 1991 வரை இயங்கியது. 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம், விரும்புபவர்கள் அடியில் உள்ள சுரங்க வழிகளுக்கும் இறங்கலாம்.

ஒரே இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், சிறையை விட்டுவிட்டுக் கப்பல் சிதைவுகள் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். 1629-இல் இக்கரைக்கு வடக்கே பாறையில் மோதி உடைந்த படேவியா என்ற டச்சுக் கப்பலின் மரக்கூட்டின் ஒரு பகுதியைக் கடலடியிலிருந்து எடுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். கீழைநாட்டு வாணிகத்துக்குக் கிளம்பிய கப்பல் அது. தரங்கம்பாடி, நாகப்பட்டினம், பழவேற்காடு ஆகிய கரைகளில் ஐரோப்பியர் கடை விரித்த அதே நூற்றாண்டின் அதே வாணிகம் என்று எண்ணிப் பார்க்கும்போது அந்தக் கரிய மரச்சட்டங்கள் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

கடலில் இறங்குவது பாதுகாப்பானதா? நமக்கு அந்த வெயில் ஒன்றும் செய்யாதல்லவா?

முதல் கேள்விக்கு: சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்கினால் பாதுகாப்பு. உயிர்காப்பாளர்கள் அன்றைய நீரோட்டத்தைப் பார்த்தே அக்கொடிகளை நடுகிறார்கள். கரையிலிருந்து உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். காட்டஸ்லோவில் கோடையில் சுறாத் தடுப்பு வலை கட்டிய நீச்சல் பரப்பு இருக்கிறது. அவசர உதவி எண் 000.

இரண்டாம் கேள்விக்கு: செய்யும். கறுத்த தோலுக்கு வெயில் சுடாது என்ற எண்ணத்தோடு சென்று, தோள் உரிந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அங்கே கவனிக்க வேண்டியது வெப்பநிலையை அல்ல, புறஊதாக் கதிர்க் குறியீட்டை. அது 3-ஐத் தொட்டாலே உடலை மூடிக்கொள்ள வேண்டும் என்பது பொது அறிவுரை. பெர்த்தின் கோடை நண்பகலில் அது 12 வரையிலும் அதற்கு மேலும் ஏறும். காற்று குளுகுளுவென்று வீசும் 24 பாகை நாளிலும் அது உயர்வாகவே இருக்கலாம், அதனால்தான் ஏமாற்றுகிறது. சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு என்று ஆஸ்திரேலியர்கள் 1981 முதல் தங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லித் தருகிறார்கள். 50-க்கு மேற்பட்ட பாதுகாப்பு எண்ணுடைய சன்ஸ்கிரீனை இரண்டு மணிக்கொருமுறை பூசுங்கள். காலை பத்து மணிக்குள் கடலை முடித்துக்கொண்டு, பத்து முதல் மூன்று மணி வரை கூரையின்கீழ் இருந்துவிட்டு, மாலையில் மீண்டும் கரைக்குத் திரும்புவது உள்ளூர் மக்களின் வழக்கம்.

பினக்கிள்ஸ் பாறைகள், வேவ் ராக், மார்கரெட் ரிவர் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பாலைவன மணலில் சுண்ணாம்புத் தூண்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் பினக்கிள்ஸ், வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அலைபோல் வளைந்த வேவ் ராக் கிழக்கே 340 கிலோமீட்டர். ஒரு வழிக்கே நான்கு மணி நேரம். மார்கரெட் ரிவர் தெற்கே மூன்று மணி நேரம், அங்கே ஓரிரவாவது தங்காமல் திரும்புவது வீண். மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் பினக்கிள்ஸை மட்டும் சேர்க்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் பொது விடுமுறைகளில் சில பிற மாநிலங்களோடு ஒத்திருப்பதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவர்களுக்கு மாநில நாள், அன்று விடுதிகள் நிறைந்திருக்கும்.

சைவ உணவு கிடைக்குமா? கடைகள் எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

சைவ உணவுக்குக் குறையில்லை. உணவுப் பட்டியல்களில் சைவம் தனியே குறிக்கப்பட்டிருக்கும். நார்த்பிரிட்ஜின் வில்லியம் வீதியிலும் விக்டோரியா பார்க்கின் ஆல்பனி நெடுஞ்சாலையிலும் ஆசிய, இந்திய உணவகங்கள் வரிசையாக உள்ளன. கவலைப்பட வேண்டியது நேரத்தைப் பற்றித்தான். காப்பிக் கடைகள் காலை ஆறரை, ஏழு மணிக்கே திறந்து பிற்பகல் மூன்று மணிக்குள் மூடிவிடும். பல உணவகங்களின் அடுப்பு இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு அணைந்துவிடும். பெருங்கடைகள் ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்குத் திறந்து 5 மணிக்கு மூடுகின்றன. சிங்கப்பூரில் பத்து மணிக்குச் சாப்பிடப் பழகியவர்கள் பட்டினி கிடக்காமலிருக்க, முதல் நாளே பழமும் ரொட்டியும் தயிரும் வாங்கி அறையில் வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறுகளில் சில உணவகங்கள் கூடுதல் விழுக்காடு சேர்த்து வாங்குவதும் உண்டு. அது பட்டியலிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அன்பளிப்புத் தர வேண்டிய கட்டாயமில்லை. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

மின்செருகி வேறு வகை. சாய்ந்த தட்டைக் கம்பிகள் கொண்டது. இந்தியச் செருகியும் சிங்கப்பூர்ச் செருகியும் பொருந்தா.

வயதான பெற்றோரும் சிறு குழந்தைகளும் உடன் வந்தால்?

தீவில் மிதிவண்டிக்குப் பதில் சுற்றுப் பேருந்து. கடற்பயணம் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கு, படகில் சௌத் பெர்த்துக்குச் சென்று, துறையிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் வரும் விலங்குக்காட்சிச் சாலையைப் பார்ப்பது இதமான மாற்று. 1898-இல் திறக்கப்பட்ட அது நிழல் மிகுந்த இடம். கோயிலுக்குச் செல்ல விரும்பும் பெற்றோரை நகரின் தென்கோடியில் மாண்டோகாலப்பில் உள்ள பால முருகன் கோயிலுக்கு அழைத்துச் செல்லலாம். அதற்குக் கார் வேண்டும், நடை திறந்திருக்கும் நேரத்தையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிரிக்கெட் ஆர்வலர்களுக்கு ஏதேனும் உண்டா?

ஆற்றின் கிழக்குக் கரையில், 2018-இல் திறக்கப்பட்ட 60,000 இருக்கைகள் கொண்ட ஆப்டஸ் அரங்கம் இருக்கிறது. 2024 நவம்பரில் பும்ரா தலைமையில் இந்தியா ஆஸ்திரேலியாவை 295 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது அங்கேதான். அரங்கத்துக்கெனத் தனி ரயில் நிலையமும், நகர்ப்புறத்திலிருந்து ஆற்றைக் கடந்துவர மாட்டகரப் நடைபாலமும் உள்ளன. ஆட்டம் இல்லாத நாளில் பாலத்தில் நடந்து வருவதே போதும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு விமானம். கடைசி மாலையை எப்படிக் கழிப்பது?

காலையில் விடுதி அறையை விட்டதும் பெட்டிகளை வரவேற்பறையிலேயே வைத்துவிட்டு, பகலை ஃப்ரீமேன்டிலில் கழித்து, திரும்பும் வழியில் காட்டஸ்லோவில் இறங்குங்கள். கிழக்குக் கரையில் வளர்ந்த நமக்குக் கடல் என்றால் சூரியன் எழும் இடம். பெர்த்தில் அது கடலுக்குள் இறங்குகிறது, அதுவும் நம் இந்தியப் பெருங்கடலிலேயே. நெய்தலுக்கு, சூரியன் சாயும் வேளையான எற்பாட்டைப் பொழுதாக வகுத்தவர்கள் பார்த்திருக்க வேண்டிய காட்சி. டிசம்பரில் சூரியன் மறைய ஏழேகால் மணிக்கு மேல் ஆகும், ஜூனில் ஐந்தே கால் ஐந்தரைக்குள் மறைந்துவிடும். கரைப் புல்மேட்டில் உள்ளூர்க் குடும்பங்கள் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் காகிதத்தில் பொட்டலமாக வாங்கி வந்து அமர்ந்திருப்பார்கள். நீங்களும் அமரலாம், கடற்காக்கைகளிடமிருந்து பொட்டலத்தைக் காத்துக்கொள்ளத் தெரிந்தால். அங்கிருந்து ரயிலில் நகரமையம், பெட்டியை எடுத்துக்கொண்டு மீண்டும் விமான நிலைய ரயில். இரண்டுக்குமாக ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குமேல் விமானம் என்றால் ஜூனில் தாராளமாகப் போதும். டிசம்பரில் சூரியன் முழுதும் மறைந்த கையோடு எழுந்துவிட வேண்டும்.